பிந்திச் சொன்னவருக்கு இரு மடங்கு

அன்பு மகனுக்கு,

என்னை யாரும் விலக்கவில்லை. கிளப்பின் பிரிட்ஜ் போட்டிகளுக்கு நடுவராக இருந்த என்னை வயதைக் காரணம் காட்டி இறக்கிவிட்டார்கள் என்றும், எனக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்றும் உன் அத்தை உன்னிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரண்டும் உண்மையல்ல. விலகல் கடிதத்தை நானே எழுதினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி தில்லை நகருக்குப் போய், செயலாளர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தேன். ஞாபகத்தைப் பொறுத்தவரை, ஆடி மாதப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நான்கு பேர் கையிலும் இருந்த ஐம்பத்திரண்டு சீட்டுகளையும் இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். மறந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பது அந்த ஓர் ஆட்டத்தைத்தான்.

இதைப் பத்திரிகையில், நாலு பேர் படிக்கும் இடத்தில், எழுதுகிறேனே என்று உனக்குக் கோபம் வரும். ஒரு மனிதரைப் பற்றி நான் எழுதிய தீர்ப்பை நாலு பேர் படிக்கும் இடத்தில்தான் ஒட்டினேன். அது தவறு என்று சொல்வதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். உன் பெயரையோ, நீ இருக்கும் ஊரையோ இதில் எழுத மாட்டேன். படிக்கிறவர்களுக்கு நீ யாரோ ஒருவருடைய மகன். ஆனால் நீ கட்டடங்களைப் பார்த்து அவை உறுதியாக இருக்கின்றன என்று சான்றிதழ் கொடுக்கும் எஞ்சினியர் என்பதையும், ஆவணி மாதத்தில் காரில் வரும்போது ஒரு பள்ளிக்கூடத்தின் சான்றிதழைப் பற்றி என்னிடம் பாதி சொல்லி நிறுத்திவிட்டாய் என்பதையும் எழுதாமல் இருக்க முடியாது. நிறுத்த வைத்தவள் நான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. உன் ஊரிலும் அப்படித்தான் என்று செய்தியில் சொல்கிறார்கள்.

நீ சீட்டு ஆடியதில்லை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். பிரிட்ஜில் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரெதிரே உட்காரும் இருவர் ஓர் அணி. நால்வரும் ஆளுக்கு ஒரு சீட்டு போட்டால் ஒரு சுற்று, பெரிய சீட்டு போட்ட அணி அதை ஜெயிக்கும். ஒருவர் ஆர்ட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்ட சீட்டு, இறக்கினால், கையில் ஆர்ட்டின் இருக்கிற ஒவ்வொருவரும் ஆர்ட்டின்தான் போட வேண்டும். கையில் அந்த ஜாதி அறவே இல்லாதவர் மட்டும் துருப்புச் சீட்டால் வெட்டலாம். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே வெட்டிவிடுவது குற்றம். பெரும்பாலும் அது கவனக்குறைவுதான். டைமனுக்கு நடுவில் ஓர் ஆர்ட்டின் ஒளிந்திருக்கும், இரண்டும் சிவப்பு, கண் தவறிவிடும். உடனே சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளலாம், அடுத்த சுற்று தொடங்கிய பிறகு சொன்னால் ஒன்றோ இரண்டோ சுற்று எதிரணிக்குப் போகும். ஆட்டம் முடிந்து, தாளில் இரண்டு அணியும் கையெழுத்துப் போட்ட பிறகு ஒருவர் வந்து சொன்னால் என்ன செய்வது என்பதுதான் நடுவரின் தலைவலி. விதிப் புத்தகம் இந்த இடத்தில் மிகவும் மென்மையானது. இவ்வளவு பிந்திவிட்டால் தனியாகத் தண்டனை கிடையாது, எதிரணி இழந்தது எதுவோ அதை மட்டும் அவர்களுக்குத் திருப்பிக் கொடு என்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. தவறு செய்தது ஒன்று, மறைத்தது இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே விலையா என்று கேட்டேன்.

நான் படித்த கான்வென்ட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வரிசையில் நின்று, அந்த வாரம் செய்த தவறை நாங்களே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சொன்னால் ஒரு பிரம்படி. திங்கட்கிழமை போய்ச் சொன்னால் இரண்டு. நான் ஒரு முறைகூட திங்கட்கிழமை போய் நின்றதில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு என்பதை மறைக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடுவரானதும், அதே விதியைத்தான் கிளப்புக்குக் கொண்டுவந்தேன். கையெழுத்துக்குப் பின் சொல்லப்படும் தவறுக்கு, அப்போதே சொல்லியிருந்தால் கிடைக்கும் தண்டனையைப் போல இரு மடங்கு. நானே டைப் அடித்து, கண்ணாடி போட்டு, விளையாடும் அறையில் மாட்டினேன். முதல் வருடம் பிந்தி வந்து சொன்னவர்கள் மூன்று பேர். இரண்டாம் வருடம் ஒருவர். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஐந்து வருடங்களாக இந்தக் கிளப்பில் ஒருவர்கூடத் தவறை மறைத்ததில்லை என்று ஓர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் கேட்டார்.

"யாரும் சொல்லலைன்னுதானே சொல்ற. நடக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குச் சீட்டே ஆடத் தெரியாது. நீங்க இதுல பேசாதீங்க."

"சரி, பேசல," என்றார். இரண்டு நாள் நானும் அவரிடம் பேசவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன். அவர் போய் நான்கு வருடமாகிறது.

இப்போது தாமோதரனைப் பற்றிச் சொல்கிறேன். தொட்டியத்துக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், உறையூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஹமீது பாய்தான் இருபது வருடமாக அவருடைய ஜோடி. ஆடி மாதப் போட்டியில் இவர்கள் இருவரும் கோப்பை வாங்கினார்கள். பதினோரு நாள் கழித்து, ஒரு காலை வேளையில், தாமோதரன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு சீப்பு பூவன் பழம். நடுவர் பழம் வாங்கக் கூடாது என்று அதை வாசலிலேயே வைக்கச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"ஒரு விஷயம் சொல்லணும் மேடம். ஃபைனல்ல, கடைசி ஆட்டத்துல."

"உட்காருங்க. சொல்லுங்க."

"நான் ஆர்ட்டினை வெட்டினேன்ல. அப்போ கையில ஆர்ட்டின் ஒண்ணு இருந்துச்சு மேடம்."

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அடுத்த சுத்துலயே. சீட்டைச் சேர்த்துப் பிரிச்சேன், அப்போ தெரிஞ்சுது. எனக்குக் கொஞ்ச நாளாவே இந்த..."

"காரணம் அப்புறம். ஹமீது பாய்க்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாது மேடம். அவனை இதுல சேர்க்காதீங்க."

"பதினோரு நாளா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மேடையில ஏறிக் கோப்பையை வாங்கினீங்க."

அவர் இன்னொரு முறை, "அந்தச் சீட்டு அங்க இருந்ததே எனக்கு..." என்று ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தேன். நான் எழுதும்போது யாரும் பேசக் கூடாது என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அவர் பேசவில்லை. எழுந்து, "வரேன் மேடம்" என்று போய்விட்டார். மறுநாள் தீர்ப்பு ஒட்டப்பட்டது. அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு சுற்று எதிரணிக்குப் போயிருக்கும், இரு மடங்கு நான்கு. எல்லா மேஜைகளின் புள்ளிகளையும் சேர்த்து முதலிடத்திலிருந்த அணி ஆறாமிடத்துக்குப் போனது. கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். அடியில், பதினோரு நாள் மறைத்ததற்காக என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்கு விதியில் இடமில்லை. என் திருப்திக்காக எழுதியது அது.

அதற்கு அடுத்த வாரம்தான் அப்பாவின் திதிக்கு நீ வந்தாய். காவிரிக் கரையில் அம்மா மண்டபத்தில் காரியம் முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஈர வேட்டியை மடித்துப் பின் சீட்டில் போட்டிருந்தாய். நான் தாமோதரன் கதையைத்தான் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன், நான் எவ்வளவு சரியாக நடந்துகொண்டேன் என்று. பத்து வருடம் கழித்து ஒருவர் மாட்டினார் என்று சொன்னேன். மாட்டினார் என்ற சொல்லையே சொன்னேன், தானாக வந்து சொன்ன மனிதரைப் பற்றி. நீ வண்டியின் வேகத்தைக் குறைத்தாய். பிறகு சொன்னாய்.

"அம்மா, நானும் ஒரு சர்டிஃபிகேட்ல தேதி மாத்திப் போட்டிருக்கேன்."

"என்ன சர்டிஃபிகேட்?"

"ஒரு ஸ்கூலுக்கு. பார்த்த தேதின்னு ஒண்ணு போடணும். நான் போட்ட தேதியில... மூணாவது மாடி மட்டும், மழைக்கு முன்னாடி..."

"எப்போ நடந்தது இது?"

"போன வருஷம்."

"ஒரு வருஷமாத் தெரியும் உனக்கு. ஒரு வருஷமா வாயைத் திறக்கல."

நீ ஏசியைக் கூட்டி வைத்தாய். "டிபன் வழியில வாங்கிக்கலாமா?" என்று கேட்டாய். எனக்குப் பொங்கல் வேண்டும் என்றேன். கடையில் நெய் அதிகம் என்று குறையும் சொன்னேன். நான் இதை எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் இந்த இரண்டு மாதத்தில் நூறு முறை அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தேதி மாறியதற்காக ஒரு மனிதன் ஒரு வருடம் மனம் குமைய மாட்டான். நீ சொல்ல வந்தது தேதி இல்லை. அந்த மாடிக்கு நீ ஏறவே இல்லை. அல்லது ஏறி, எதையோ பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு எனக்கு இது புரியவில்லை. புரிய வைத்தவர் ஹமீது பாய். ஆவணி கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே, "அக்கா, உள்ள வரலாமா, இல்ல இதுக்கும் ஏதாவது ரூல் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பவர் அன்று கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"தாமு வண்டியில ஒரு பொண்ணை இடிச்சுட்டான் அக்கா. உறையூர் பஸ் ஸ்டாப் பக்கத்துல."

"வேகமாப் போனாரா?"

"அவனா? சைக்கிளே அவனைத் தாண்டிப் போகும். அந்தப் பொண்ணு இடது பக்கத்துல இருந்து ரோட்டைக் கடந்திருக்கு. இவனுக்குத் தெரியவே இல்ல. ஆஸ்பத்திரியில இவனையும் படம் எடுத்துப் பார்த்திருக்காங்க. நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடியே சின்னதா ஒரு ஸ்ட்ரோக் வந்து போயிருக்காம். ரெண்டு கண்ணுலயும் இடது பாதி அவுட்டு. சாப்பிடும்போது தட்டுல இடது பக்கம் இருக்கற பொரியலை அப்படியே வச்சுடுவானாம். மருமக, நம்ம சமையல் மாமாவுக்குப் பிடிக்கலன்னு கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கு. கையில பதிமூணு சீட்டைப் பிடிச்சா எட்டோ ஒம்போதோதான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த இறுதி ஆட்டம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த ஆர்ட்டின் அவர் கையில் இடது ஓரத்தில் இருந்தது. அவர் எப்போதும் சிவப்பை இடது பக்கம்தான் அடுக்குவார்.

"அதை உங்ககிட்ட சொல்லத்தான் வந்தானாம்," என்றார் ஹமீது பாய். "வீட்டுல சொன்னா வண்டிச் சாவியைப் பிடுங்கி உட்கார வச்சுடுவாங்கன்னு பயம். முதல்ல சீட்டு விஷயத்தை மேடம்கிட்ட சொல்லிப் பார்ப்போம், அதை அவங்க எப்படி எடுத்துக்கறாங்கன்னு பார்ப்போம், நல்லபடியாப் போச்சுன்னா கண்ணு விஷயத்தையும் சொல்லிடலாம், அவங்களே என் பையன்கிட்ட பேசுவாங்கன்னு நினைச்சானாம்."

"என்கிட்ட ஏன்? நான் யார் அவருக்கு?"

"நீங்க சொன்னா எதிர்த்துப் பேச முடியாதுல்ல அக்கா. அதான்." பிறகு, "பத்து வருஷமா ஒருத்தரும் வந்து சொல்லலைன்னு பெருமையாச் சொல்லுவீங்களே. என்கிட்டயே சொல்லாத தப்பு நாலு இருக்கு. உங்களைக் குத்தம் சொல்ல வரல. ஆனா நீங்க மாட்டினது ரூல் இல்ல அக்கா, பூட்டு," என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. போய்ப் பார்த்தேன். இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிவு. வலது பாதத்தில் உணர்வு திரும்புமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. நான் யார் என்று கேட்டாள். இடித்தவருக்குத் தெரிந்தவள் என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. நானும் பாதிதான் சொன்னேன் என்பதைக் கவனித்துக்கொள். தாமோதரனையும் போய்ப் பார்த்தேன். மகன் வீட்டில், சன்னலுக்குப் பக்கத்தில், ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்க முகத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. நான் வாயெடுக்கும் முன்னால் அவர் கேட்டார்.

"இதுக்கும் டபுளா மேடம்?"

அதில் நையாண்டி இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். மறுநாள் கிளப்புக்குப் போய்க் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினேன், நான் சேர்த்த அந்த வரி இருந்த தாளைக் கிழித்தேன், விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

உனக்குப் பத்து வயதில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஜுரமானியை உடைத்துவிட்டுத் துண்டுகளைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளினாய். பாதரசம் தரையில் ஓடிற்று. எட்டு நாள் கழித்து அழுதுகொண்டே வந்து சொன்னாய். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். எட்டு நாள் என்றாய். எட்டு நாள் உன்னோடு பேசவில்லை, சாப்பாடு போட்டேன், பேசவில்லை. அதற்குப் பிறகு நீ எதையும் பிந்தி வந்து சொன்னதே இல்லை. என் மகன் எதையும் மறைக்க மாட்டான் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். கிளப்பில் கைதட்டல் வாங்கிய அதே பேச்சு. உன் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது என்னிடம் ஒன்று சொன்னார். பதினைந்து வயதில் நீ யாருக்கும் தெரியாமல் கொள்ளிடத்தில் குளிக்கப் போய், சுழலில் மாட்டி, துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இழுத்துப் போட்டாராம். அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டாயாம், அம்மாவுக்கு வேண்டாம் என்ற நிபந்தனையோடு. காலேஜில் ஒரு பேப்பர் போனதும், வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருவரை நம்பி ஏமாந்ததும் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. "அவன் என்கிட்ட வந்துடுவான், நீ கவலைப்படாதே" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது. அவர் போன பிறகு நீ எங்கே போய்ச் சொல்வாய் என்று நான் யோசிக்கவில்லை. நான்கு வருடமாக நீ போவதற்கு இடமில்லை. கடைசியில் காரில் என்னிடம் வந்தாய், அவருடைய திதியன்றைக்கு.

ஹமீது பாய் வந்து போன அன்றே உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கும். "அந்த ஸ்கூல் விஷயம் என்னாச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சரி பண்ணியாச்சு" என்றாய். உடனே வந்தது அந்தப் பதில். ஜுரமானி எங்கே என்று எட்டு நாளும் நான் கேட்டபோது நீ சொன்னதும் இதே வேகத்தில்தான். அதன் பிறகு நீ செய்யும் போன்களில் மழையைப் பற்றி நான் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். உன் மனைவி, நீ சரியாகத் தூங்குவதில்லை என்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் அவள் குரலில் தெரிகிறது.

பிந்திச் சொன்னதற்கு விலையே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் மாறிவிடவில்லை. எதிரணி இழந்ததை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தாமோதரன் வாங்கிய கோப்பை அவருடையது அல்ல, அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் மென்மையானது என்று ஒதுக்கிய விதிப் புத்தகம் அதைத்தான் சொல்லியிருந்தது, முதலில் இழப்பைச் சரி செய் என்று. என் தவறு எங்கே இருந்தது என்றால், ஒரு மனிதன் வாயைத் திறந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியில். எப்போது தெரியும் என்று கேட்டேன். இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். எப்போது தெரியும் என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி, அதை ஒரு மாதம் கழித்துக்கூடக் கேட்கலாம். இன்னும் என்ன இருக்கிறது என்பதைக் கேட்கத் தவறியதால்தான் செல்வி ரோட்டைக் கடந்தபோது அந்த வண்டி அங்கே வந்தது. நீ இப்போது ஓர் ஆபீசுக்குத் தலைவன். உனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் உன்னிடமும் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பார்கள். அதன் பின்னால் என்ன நிற்கிறது என்று பொறுமையாகக் கேள். என்னிடமிருந்து நீ கற்றுக்கொண்டதைச் செய்யாதே.

இனி, அந்தப் பள்ளிக்கூடம். மூன்றாவது மாடி என்றாய். அங்கே வகுப்புகள் நடக்கின்றன என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன், பூட்டிக் கிடக்கும் மாடிக்கு யாரும் சான்றிதழ் வாங்க மாட்டார்கள். போன வருட மழையை அது தாங்கிவிட்டது என்று நீ உனக்கே சொல்லிக்கொண்டிருப்பாய். தாமோதரனும் நான்கைந்து மாதம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததை, தனக்கு ஒன்றுமில்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். உன் வேலை போகலாம், உரிமம் போகலாம், பேப்பரில் பெயர் வரலாம். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அது அவமானம்தான், இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அதையெல்லாம் பிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த மாடியில் இருக்கும் பிள்ளைகள் கீழே இறங்க வேண்டும். கையெழுத்தை மீட்டுக்கொள்வதாகத் தலைமையாசிரியருக்கு இரண்டு வரி எழுதினால் போதும், காரணம் விரிவாக எழுத வேண்டியதில்லை. நாளைக்கு என்று வைக்காதே. இதைப் படித்து முடித்ததும் செய்.

நான் உன்னைக் காட்டிக்கொடுப்பேனா என்று உனக்குத் தோன்றும். அதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கடிதத்தை உனக்கு எழுதியிருக்க மாட்டேன். அவர்களுக்கு எழுதியிருப்பேன். இதைச் சொல்லிவிட்டு உன்னிடமே பெயரைக் கேட்பது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் உன்னிடமிருந்து நைசாகப் பேசி வாங்க எனக்கு வராது, அதை நான் செய்யவும் மாட்டேன். நீ அவர்களிடம் சொல்லப் போகும்போது என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே வந்து பேச மாட்டேன். அங்கிருந்து நீ வெளியே வந்ததும் எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. அது எனக்கு எளிதல்ல. இந்த எழுபத்தாறு வயதில் அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் போன் செய்யாதே. போனில் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், நானும் பழையபடி ஏதாவது கேட்டுவிடுவேன். பள்ளியின் பெயரையும், அந்த மாடிக்கு நீ ஏறினாயா என்பதையும், அங்கே என்ன பார்த்தாய் என்பதையும், பிள்ளைகள் இறங்கிவிட்டார்களா என்பதையும் ஒரு தாளில் உன் கையால் எழுதி, இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பு.

அம்மா